தேர்வில் தேறிய இருக்கை ஏன் திரும்பிப் போகிறது?

ஒரு பொருள் அரசு விதித்த சோதனைகளில் எல்லாம் தேறுகிறது. சான்று ஒட்டப்பட்டுக் கடைக்கு வருகிறது. லட்சக்கணக்கான வீடுகள் அதை நம்பி வாங்குகின்றன. சில ஆண்டுகள் கழித்து, அதில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் சொல்லி, தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெறுகிறது. செய்தியைப் படிக்கும் யாருக்கும் ஒரு கேள்வி எழும். அப்படியென்றால் அந்தச் சோதனைகள் எதைத்தான் சோதித்தன?

பொருள் கைக்குழந்தையைக் காரில் உட்கார வைக்கும் இருக்கை என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் கிரேகோ நிறுவனம் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை இருக்கைகளில் குறை இருப்பதாக அறிவித்தது. பின்னர் மேலும் சில மாதிரிகள் பட்டியலில் சேர்ந்தன. ஜூலையில் கைக்குழந்தைகளுக்கான 19 லட்சம் இருக்கைகளும் சேர, மொத்தம் ஏறத்தாழ 60 லட்சமானது. குழந்தை இருக்கைகளைப் பொறுத்தவரை அமெரிக்கா அதுவரை இவ்வளவு பெரிய அறிவிப்பைக் கண்டதில்லை. அவை எல்லாமே விதிப்படி சான்று பெற்று விற்பனைக்கு வந்தவை.

இதைப் புரிந்துகொள்ள, அந்த இருக்கை என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மோதலின் பத்தில் ஒரு நொடி

மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுகிறது. காரின் முன்பகுதி நசுங்கி, ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள் கார் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் உடல் அதே 48 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. எதுவோ ஒன்று அவரை நிறுத்தியாக வேண்டும். அது டாஷ்போர்டாக இருக்கலாம், கண்ணாடியாக இருக்கலாம், சீட் பெல்ட்டாகவும் இருக்கலாம்.

இவ்வளவு குறுகிய நேரத்தில் நிற்கும்போது உடல்மீது செயல்படும் விசை, உச்சத்தில், உடல் எடையைப்போல் இருபது மடங்கையும் தாண்டும். ஐந்து கிலோ குழந்தையை மடியில் அணைத்திருக்கும் தாய் அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலிமை கிடையாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் இயற்பியல் அதற்குத் தள்ளுபடி தருவதில்லை. குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் குழந்தையின் உடலமைப்பு. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால்பங்கு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக எலும்பாகவில்லை. அவற்றின் பகுதிகளைக் குருத்தெலும்பு இணைத்து வைத்திருக்கிறது. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தையின் மார்பை வார்கள் பிடித்துக்கொண்டால், தலை மட்டும் முன்னே பாயும். கழுத்து அதைத் தாங்காது.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முன்னோடி சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவ ஆய்வாளர். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகை விசையின் திசைக்குக் கொடுத்துப் படுத்திருந்த விதம் அவர் கருத்தைக் கவர்ந்தது. குழந்தையைக் காரின் பின்புறம் பார்த்து உட்கார வைத்தால், மோதலின்போது தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக இருக்கையின் முதுகுப் பலகையில் அழுந்தும். விசை ஒரே இடத்தில் குவியாமல் முதுகு முழுவதும் பரவும். வோல்வோ நிறுவனம் 1964இல் இந்தக் கருத்தில் அமைந்த முதல் முன்மாதிரியைச் சோதித்தது. இன்றும் கைக்குழந்தைகளின் இருக்கை பின்னோக்கியே அமைகிறது. அமெரிக்கக் கணக்கின்படி, சரியாகப் பொருத்தப்பட்ட இருக்கை, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை கார் விபத்தில் இறக்கும் வாய்ப்பை 71 சதவீதம் குறைக்கிறது. இந்த எண்ணைக் கட்டுரை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. குறைகளைப் பற்றிப் பேசும்போது, பொருளின் நன்மை கண்ணிலிருந்து மறைந்துவிடக் கூடாது.

சோதனைக்கூடம் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் குழந்தை இருக்கைகளுக்கான விதியின் எண் 213. 1971இல் நடைமுறைக்கு வந்த இந்த விதி, 1981 முதல் மோதல் சோதனையையும் கட்டாயமாக்கியது. காரின் இருக்கையைப் போன்ற ஒன்றைத் தண்டவாளத்தில் ஓடும் மேடைமீது பொருத்துகிறார்கள். இதைச் சறுக்குமேடை எனலாம். அதில் குழந்தை இருக்கையைக் கட்டி, உணரிகள் பதித்த பொம்மையை உட்கார வைத்து, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதும்போது ஏற்படும் உலுக்கலை மேடைக்குக் கொடுக்கிறார்கள். பொம்மையின் தலையும் மார்பும் எவ்வளவு அதிர்ச்சி பெற்றன, தலை எவ்வளவு தூரம் நகர்ந்தது, இருக்கையின் கட்டமைப்பு உடைந்ததா என்று அளக்கிறார்கள்.

விதி 213 பக்கிளைப் பற்றியும் பேசுகிறது. வார்களைப் பூட்டிவைக்கும் உறுப்பு அது. அதைத் திறக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க எவ்வளவு விசை தேவைப்பட வேண்டும் என்பதற்குக் கீழெல்லையும் உண்டு, மேலெல்லையும் உண்டு. மோதலுக்கு முன் அது 40 நியூட்டனுக்குக் குறையக் கூடாது, 62 நியூட்டனைத் தாண்டக் கூடாது. எளிதாகச் சொன்னால் நான்கு கிலோ எடையின் அழுத்தத்துக்கும் ஆறேகால் கிலோ எடையின் அழுத்தத்துக்கும் இடைப்பட்டது. மோதலுக்குப் பின் 71 நியூட்டன் வரை போகலாம்.

கீழெல்லை எதற்கு? குழந்தையே விளையாட்டாகப் பொத்தானை அமுக்கித் திறந்துவிடக் கூடாது. மேலெல்லை எதற்கு? கார் தீப்பற்றியோ நீரில் மூழ்கியோ போகும் நேரத்தில், பதறிய கையால், ஒரே விரலால் அமுக்கினாலும் திறக்க வேண்டும். இறுகப் பிடிக்கவும் வேண்டும், சட்டென விடவும் வேண்டும். எதிரெதிரான இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் இரண்டு கிலோ அளவுக்குத்தான் இடைவெளி. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பல ஆண்டுகள் நிற்க வேண்டிய பொறி இந்தப் பக்கிள். கிரேகோ இருக்கைகளில் குறை கண்டது இந்த இடத்தில்தான்.

பிஸ்கட் தூளும் பழச்சாறும்

சோதனைக்கு வரும் இருக்கை புத்தம் புதியது. வீட்டுக்கு வரும் இருக்கையின் வாழ்க்கை வேறு. குழந்தை அதில் உட்கார்ந்தபடி பிஸ்கட் தின்கிறது, பழச்சாறு சிந்துகிறது, பாலைக் கக்குகிறது. இவையெல்லாம் வழிந்து சேரும் இடம் குழந்தையின் தொடைகளுக்கு நடுவே இருக்கும் பக்கிள். அதன் உள்ளே சின்னஞ்சிறு நாக்குகளும் சுருள்வில்லும் மிக நெருக்கமான இடைவெளியில் நகர்கின்றன. சர்க்கரை கலந்த நீர் அந்த இடைவெளியில் புகுந்து காய்ந்தால் பசையாகிறது. தேன் பாட்டிலின் விளிம்பில் வழிந்த தேன் காய்ந்தபின் மூடியைத் திறக்கப் படும் பாடு நமக்குத் தெரியும். பக்கிளுக்குள்ளும் அதுதான் நடந்தது. பொத்தானை அமுக்கத் தேவையான விசை மெல்ல மெல்ல ஏறியது. சில பக்கிள்கள் திறக்கவே மறுத்தன. குழந்தையை வெளியே எடுக்க வார்களை வெட்ட வேண்டியிருந்ததாகச் சில பெற்றோர் புகார் செய்தார்கள்.

பக்கிள் வலுவாக இருந்தது. மோதலில் குழந்தையை விடாது பிடிக்கவும் செய்தது. தோற்ற இடம், விடவேண்டிய நேரத்தில் விடாததுதான். சோதனைக்கூடம் தான் கேட்ட கேள்விகளுக்கு நேர்மையாகவே பதில் வாங்கியிருந்தது. இரண்டு வயதுக் குழந்தை அன்றாடம் கேட்கும் கேள்விதான் அந்தத் தாளில் இல்லை.

அரிதான குறை எப்படி ஒளிந்துகொள்கிறது

சோதனைகளைக் கூட்டினால் போதாதா என்று தோன்றலாம். இங்கே புள்ளியியல் ஒரு கடினமான உண்மையைச் சொல்கிறது. ஒரு நிறுவனம் 300 இருக்கைகளைச் சோதித்து, ஒன்றில்கூடக் குறை காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: குறையுள்ளவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 30 லட்சம் இருக்கைகள் விற்றால் நூற்றுக்கு ஒன்று என்பது 30,000 குழந்தைகள். பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டாது என்று இதே அளவு உறுதியோடு சொல்ல 30,000 இருக்கைகளைச் சோதிக்க வேண்டும். மோதல் சோதனைக்குப் போன இருக்கையை மறுபடி விற்கவும் முடியாது.

ஆகவே மிக அரிதான குறைகளைக் கண்டுபிடிக்கக் கூடிய அளவுக்குப் பெரிய சோதனைக்கூடம் ஒன்றுதான் இருக்கிறது. அது மக்களின் வீடு. அங்கிருந்து வரும் அளவீட்டின் பெயர் புகார்.

புகாரைச் சான்றாக மாற்றுவது தனிக் கலை. முதலில் வகுக்கும் எண் வேண்டும். நூறு புகார் என்பது பத்தாயிரம் இருக்கைகளில் வந்ததா, பத்து லட்சத்தில் வந்ததா என்று தெரியாமல் அது அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. அடுத்து, எல்லாரும் புகார் தருவதில்லை. பலர் பக்கிளைக் கழுவிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் சலித்துக்கொண்டு வேறு இருக்கை வாங்கிவிடுவார்கள். வந்த புகார் எப்போதும் உண்மையான எண்ணிக்கையின் ஒரு பகுதிதான். அதனால் எண்ணிக்கையைவிடக் கோலத்தைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். வெவ்வேறு வடிவமுள்ள இருக்கைகளில் ஒரே புகார் வருகிறதா? அந்த இருக்கைகளுக்குப் பொதுவான உறுப்பு எது? வேறு வகைப் பக்கிள் கொண்ட இருக்கைகளில் அந்தப் புகார் குறைகிறதா? இந்தக் கேள்விகளின் வழியே போனால் சந்தேகம் ஓர் உறுப்பின்மீது வந்து நிற்கும். அதே 2014இல் ஈவன்ஃப்ளோ நிறுவனமும் பக்கிள் இறுகும் குறைக்காகச் சுமார் 13 லட்சம் இருக்கைகளைத் திரும்பப் பெற்றது. குறை ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவோடு முடிவதல்ல, பக்கிளின் வடிவமைப்பிலேயே இருக்கிறது என்பதற்கு அது இன்னொரு சான்று.

கிரேகோ பக்கிள்களைப் பற்றி அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012இல் விசாரணை தொடங்கியது. கைக்குழந்தை இருக்கைகளைச் சேர்ப்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அவற்றில் பக்கிள் திறக்காவிட்டாலும் குழந்தையோடு இருக்கையையே, காரில் பொருத்திய அடிப்பீடத்திலிருந்து கழற்றி எடுத்துவிடலாம் என்பது ஒரு வாதம். ஆனால் புகை சூழ்ந்த காரில், குழந்தையும் இருக்கையும் சேர்ந்த பாரத்தைக் குறுகிய கதவு வழியாக இழுப்பதும், குழந்தையை மட்டும் வாரி எடுப்பதும் ஒன்றல்ல. அடிப்பீடம் இல்லாமல் காரின் பெல்ட்டாலேயே இருக்கையைக் கட்டியிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கடைசியில் அவையும் பட்டியலில் சேர்ந்தன. மேம்படுத்தப்பட்ட பக்கிள் இலவசமாக அனுப்பப்பட்டது.

அமெரிக்கச் சட்டப்படி, பாதுகாப்புக் குறை இருப்பதை அறிந்த நிறுவனம் ஐந்து வேலை நாள்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமையில் தவறியதற்காக 2015 மார்ச்சில் கிரேகோவுக்கு ஒரு கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் 30 லட்சம் டாலரை அரசுக்குச் செலுத்தி, 70 லட்சம் டாலரைக் குழந்தைப் பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது உத்தரவு. தண்டனை குறைக்காக அல்ல, தாமதத்துக்காக. குறை எந்த இயந்திரத்திலும் வரலாம். தெரிந்தபின் மௌனமாக இருந்த ஒவ்வொரு நாளும் குழந்தைகள் அந்தப் பக்கிளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

எச்சரிக்கையும் தவறலாம்

வீட்டிலிருந்து வரும் புகாரைப்போலவே, சோதனைக்கூடத்திலிருந்து வரும் அபாய அறிவிப்பையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 2007ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல பாடம்.

அந்த ஜனவரியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற மதிப்புமிக்க நுகர்வோர் இதழ், 12 கைக்குழந்தை இருக்கைகளைச் சோதித்ததாகவும் பெரும்பாலானவை மோசமாகத் தோற்றதாகவும் வெளியிட்டது. சில இருக்கைகள் அடிப்பீடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தன. பெற்றோர் கலங்கிப்போனார்கள். பாதுகாப்பு நிர்வாகம் சோதனைத் தரவுகளை வாங்கி ஆராய்ந்தது. பக்கவாட்டு மோதல் மணிக்கு 38 மைல் வேகத்தில், அதாவது சுமார் 61 கிலோமீட்டரில் நடந்ததாக இதழ் சொல்லியிருந்தது. உண்மையில் அது 70 மைலுக்கும் மேற்பட்ட வேகத்துக்குச் சமமான மோதல் என்று நிர்வாகம் கண்டறிந்தது. இரண்டே வாரத்தில், ஜனவரி 18 அன்று, இதழ் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது.

இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வந்தது? நின்றிருக்கும் காரின் பக்கவாட்டில் அதே எடையுள்ள இன்னொரு கார் 38 மைல் வேகத்தில் வந்து மோதுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மோதியபின் இரண்டும் சேர்ந்து நகரும். வந்த காரின் இயக்கத்தை இரண்டு கார்களும் பங்குபோட்டுக்கொள்வதால், சேர்ந்து நகரும் வேகம் ஏறக்குறைய பாதி, 19 மைல். நின்றிருந்த காருக்குள் இருக்கும் குழந்தை அனுபவிக்கும் வேகமாற்றம் அந்த 19 மைல்தான். சறுக்குமேடைக்கு 38 மைல் வேகமாற்றத்தையும் முழுதாகக் கொடுத்துவிட்டால், அது 76 மைல் வேகத்தில் வரும் கார் மோதுவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மோத வரும் காரின் வேகம் வேறு, மோதப்பட்டவருக்கு ஏற்படும் வேகமாற்றம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலான குழப்பம் நல்ல இருக்கைகளையும் தோற்கடித்துவிட்டது.

கதை இங்கே முடியவில்லை. 2008 பிப்ரவரியில் ஈவன்ஃப்ளோ நிறுவனம் டிஸ்கவரி என்ற கைக்குழந்தை இருக்கையைத் திரும்பப் பெற்றது. எண்ணிக்கை சுமார் 10 லட்சம். அதிவேக மோதல் சோதனைகளில் அது அடிப்பீடத்திலிருந்து கழன்றது. இதழும் நிர்வாகமும் நடத்திய சோதனைகள் அந்த முடிவுக்கு வழிசெய்தன. இருக்கையைப் பீடத்தோடு இன்னும் இறுகப் பிணைக்கும் கூடுதல் கொக்கி உரிமையாளர்களுக்கு இலவசமாகத் தரப்பட்டது. முதல் சோதனையின் வேகம் தவறு. பக்கவாட்டு மோதலில் இருக்கை கழலக்கூடுமா என்ற கேள்வி சரியானது. தவறிய அளவீட்டை ஒப்புக்கொண்டு, கேள்வியைக் கைவிடாமல் மீண்டும் அளந்ததால்தான் உண்மையான குறை அகப்பட்டது. பக்கவாட்டு மோதலுக்கென்று தனி விதியை அமெரிக்கா 2022இல் இறுதிசெய்தது.

காருக்கு வெளியே இன்னொரு வாழ்க்கை

கைக்குழந்தை இருக்கைகளில் பெரும்பாலானவை காருக்குள் இருக்கை, வெளியே கேரியர். கைப்பிடியைப் பிடித்துக் கூடையைப்போலத் தூக்கிக்கொண்டு போகலாம். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. இந்த வசதிக்காகவே பெற்றோர் இதை விரும்புகிறார்கள். ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும்போது தோற்கும் வழிகளும் இரட்டிக்கின்றன.

காரில் மோதலின்போது வருவது ஒரே ஒரு பெருவிசை. கேரியரின் கைப்பிடிக்கு வருவது சிறு விசைகள், ஆனால் ஆயிரமாயிரம் முறை. ஒவ்வொரு அடியிலும் கூடை ஆடுகிறது, மடக்கி விரிக்கும் மூட்டில் பூட்டு தேய்கிறது. பூட்டியதுபோல் தோன்றிப் பூட்டாமல் நிற்கும் நிலையும் உண்டு. 2007 மே மாதத்தில் ஈவன்ஃப்ளோவின் எம்ப்ரேஸ் மாதிரியில் சுமார் 4,50,000 இருக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. தூக்கிச் செல்லும்போது கைப்பிடி திடீரென விடுபட்டு, கூடை முன்னே கவிழ்ந்து குழந்தை விழுந்தது. 679 முறை அப்படி நடந்ததாகப் புகார்கள் வந்தன, 160 குழந்தைகள் காயமடைந்தார்கள். இந்த ஒரே பொருளுக்கு இரண்டு அமைப்புகள் சேர்ந்து அறிவிப்பு வெளியிட்டன. காருக்குள் நடப்பதற்குப் பொறுப்பு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், வெளியே நடப்பதற்குப் பொறுப்பு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம்.

2017இல் பிரிட்டாக்ஸ் நிறுவனம் 2,00,000க்கும் மேற்பட்ட கைக்குழந்தை இருக்கைகளைப் பற்றி எச்சரித்தது. காரணம், மார்புக்கு நேரே வார்களை இணைக்கும் கிளிப்பின் சிறு துண்டு உடைந்து குழந்தையின் வாய்க்குள் போகலாம் என்பது. மோதலில் காக்க வைத்த உறுப்பு, மோதலே இல்லாத நாளில் மூச்சை அடைக்கும் அபாயமாகிறது.

மூச்சு என்றதும் சாய்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தையால் தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியாது. சாய்வான பரப்பில் தூங்கும்போது தாடை மார்பை நோக்கிச் சரிந்தால், ஒடுங்கிய மூச்சுக்குழாய் மடங்கி அடைபடும். அழுகையோ சத்தமோ இல்லாமல் இது நிகழ்ந்துவிடும். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் ப்ளே என்ற தூங்கும் தொட்டில் 30 டிகிரி சாய்வில் அமைந்தது. 30க்கும் மேற்பட்ட சிசு மரணங்கள் பதிவானபின், 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன.

சாய்வுதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது? ஆர்கன்சா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் எரின் மேனன் என்ற ஆய்வாளரிடம் ஆணையம் அந்தப் பணியைக் கொடுத்தது. குழந்தைகளின் தோல்மீது உணரிகளை ஒட்டி, வெவ்வேறு சாய்வுகளில் தசைகள் எவ்வளவு உழைக்கின்றன என்று அவருடைய குழு அளந்தது. சாய்வில் கிடக்கும் குழந்தை எளிதாகப் புரண்டு குப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. கவிழ்ந்தபின் முகத்தை விலக்கி மூச்சுவிட வயிற்றுத் தசைகள் சமதளத்தில் இருப்பதைவிட மிகக் கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரமே களைத்துப்போகின்றன. பத்து டிகிரிக்கு மேல் சாய்வு கூடாது என்ற அந்த ஆய்வின் பரிந்துரை, 2022இல் அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்கோடானது.

இதிலிருந்து கார் இருக்கைக்கும் ஒரு பாடம் வருகிறது. பயணத்தில், வார்கள் சரியாக இறுக்கப்பட்டு, சரியான கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும்போது அதில் குழந்தை தூங்குவதில் தவறில்லை. வீடு சேர்ந்ததும் குழந்தையைத் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். எழுந்துவிடுமே என்று கேரியரிலேயே விட்டுவைப்பதும், வார்களைத் தளர்த்திவிட்டுத் தூங்கவிடுவதும் ஆபத்து.

அறிவு வீட்டுக்கு வந்து சேரும் வழி

குறையைக் கண்டுபிடித்துவிட்டோம், அறிவித்தும்விட்டோம். அந்த அறிவு, இருக்கை இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?

1998இல் சிகாகோவில் ஒரு குழந்தைக் காப்பகத்தில், மடக்கிவைக்கும் வகைத் தொட்டில் தூக்கத்தில் மடங்கி, நடுவில் சிக்கிய ஒரு குழந்தை இறந்தது. அந்தத் தொட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1993லேயே, திரும்பப் பெறப்பட்டிருந்தது. ஆய்வு நடந்து, குறை கண்டறியப்பட்டு, அறிவிப்பும் வந்திருந்தது. அந்தக் காப்பகத்துக்கு மட்டும் செய்தி வரவில்லை. குழந்தையின் பெற்றோர் தங்கள் துயரத்தைப் பொதுப்பணியாக்கினார்கள். அவர்கள் தொடங்கிய அமைப்பும் பிறரும் செய்த முயற்சியின் பயனாக, 2008இல் வந்த அமெரிக்கச் சட்டம் தொட்டில், தள்ளுவண்டி, கேரியர் போன்ற பொருள்களோடு பதிவு அட்டையைக் கட்டாயமாக்கியது. கார் இருக்கைகளுக்கு அந்த விதி 1990களிலேயே வந்துவிட்டது.

பலர் பிரித்துப் பார்க்காமலே குப்பையில் போடும் அந்தச் சிறு அட்டை, நிறுவனத்துக்கு உங்கள் முகவரியைச் சொல்லும் முக்கியமான வழி. கடையில் வாங்கியவர் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. அட்டை போகாத வீட்டுக்குக் கடிதம் வராது. கைமாறிய இருக்கைக்கோ இந்த வழியும் பெரும்பாலும் இல்லை. அக்கா குழந்தைக்கு வாங்கியது தங்கைக்குப் போகிறது, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது இங்கே இன்னொரு வீட்டுக்குப் போகிறது. அன்போடு தரப்படும் இருக்கையோடு அதன் வரலாறு வருவதில்லை. அது ஏற்கெனவே ஒரு மோதலைச் சந்தித்திருந்தால், வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இருக்கைகள் பெருகப் பெருக, அவற்றின் வரலாற்றைக் கேட்கும் பழக்கமும் பெருக வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இருக்கையின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் மாதிரி எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். காலாவதித் தேதியும் பெரும்பாலும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் வலுவிழக்கும் என்பதால் அந்தத் தேதியை மதிக்க வேண்டும். மாதிரி எண்ணைக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்திலும் விற்கப்பட்ட நாட்டின் பாதுகாப்பு அமைப்பின் தளத்திலும் அறிவிப்பு உண்டா என்று தேடலாம். அறிவிப்பு இருந்தால் பதறி இருக்கையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த 71 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சில அறிவிப்புகள் உடனே நிறுத்தச் சொல்லும், சில திருத்தம் வரும்வரை பயன்படுத்தலாம் என்று சொல்லும். சொன்னபடி செய்ய வேண்டும். பொருத்தும் முறையும் அதே அளவு முக்கியம். 2011இல் அமெரிக்காவில் நடந்த தேசிய ஆய்வில், 46 சதவீதக் குழந்தை இருக்கைகளும், சற்று வளர்ந்த குழந்தைகளை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர்களும் ஏதோ ஒரு வகையில் தவறாகப் பயன்படுத்தப்படுவது தெரிந்தது. குறையே இல்லாத இருக்கையும் தளர்ந்த வாரோடு பயன்படாது.

இன்னொரு கடமையும் பெற்றோருக்கு உண்டு. பக்கிள் இறுகினால், கைப்பிடி ஒரு தடவை வழுக்கினால், கழுவிவிட்டு மறந்துவிடாமல் எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு அது ஒரு நாள் எரிச்சல். பத்தாயிரத்தில் ஒன்றாக ஒளிந்திருக்கும் குறையைத் தேடுபவருக்கு அது கிடைத்தற்கரிய அளவீடு. 60 லட்சம் இருக்கைகளின் குறை வெளிப்பட்டதற்கு, அப்படி எழுதிய முகம் தெரியாத பெற்றோர்தான் காரணம்.

தேர்வில் தேறிய இருக்கை திரும்பிப் போவது சோதனை பொய் என்பதன் அடையாளமல்ல. சோதனை கடைக்கு வந்தபின்னும் தொடர்கிறது என்பதன் அடையாளம் அது. அந்தச் சோதனையின் இரண்டாம் பாதியில் நிறுவனம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அரசு விடாமல் கேட்க வேண்டும், குடும்பம் எழுதவும் படிக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், ஏற்கெனவே தெரிந்த ஆபத்துக்கு ஒரு குழந்தை இரையாகும். தெரியாத ஆபத்தைத் தடுக்க அறிவியலுக்குக் காலம் வேண்டும். தெரிந்த ஆபத்தைத் தடுக்க ஓர் அட்டையும் ஐந்து நிமிடமும் போதும்.